நம் மலையிலிருந்து போகும் ஆபத்தான கழிவு ஒழுங்காக எரிகிறதா? அரசின் கண்காணிப்பை நாமே சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி பக்கம் கிளினிக்குகளின் பின்வாசலில் மஞ்சள் பைகளை எடை போட்டு, பார்கோடை ஸ்கேன் செய்து, வேனில் ஏற்றுவதைப் பலர் பார்த்திருப்போம். வேன் கிளம்பியதும் அந்தக் கழிவு நம் கவனத்திலிருந்து போய்விடுகிறது. அப்புறம் அது எங்கே போனது, எத்தனை டிகிரியில் எரிந்தது, சாம்பலை யார் வாங்கினார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க நினைப்பவர்களுக்கும் எந்த அலுவலகத்தில், எந்தத் தாளைச் சொல்லிக் கேட்பது என்று தெரிவதில்லை. இது அவர்களுக்காக எழுதியது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பயன்படும்.

மருத்துவக் கழிவு மட்டும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டரின் கழிவு எண்ணெய், பழைய மின்மாற்றி எண்ணெய், தோட்டத்துக் கிடங்கில் காலாவதியாகிக் கிடக்கும் பூச்சிமருந்து எல்லாம் சட்டத்தின் கண்ணில் அபாயகரமான கழிவுதான். சாரின் என்ற நரம்பு விஷமும் வயலில் அடிக்கும் சில ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும் ஒரே ரசாயனக் குடும்பம். அதனால் ரசாயன ஆயுதங்களை எரித்த நாடுகள் என்ன கட்டுப்பாடு வைத்தன என்று பார்ப்பது நமக்கும் உதவும். உலகத்தில் இதைவிடக் கடுமையாகக் கண்காணிக்கப்பட்ட எரிப்பு வேறு இருக்க முடியாது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

அளவுகோல்: ரசாயன ஆயுதங்களை எரித்தபோது என்ன செய்தார்கள்

ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. கையிருப்பை எப்படி அழிப்பது என்பதை நாடுகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று வழிகளுக்கு அனுமதி கிடையாது: நீரில் கொட்டுவது, மண்ணில் புதைப்பது, திறந்த குழியில் போட்டு எரிப்பது. அழிக்கும் இடத்தில் சர்வதேச ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்தியாவும் 1,044 டன் சல்ஃபர் மஸ்டர்ட் என்ற ஆயுத விஷத்தை அறிவித்து, 2009-ல் முழுவதையும் அழித்து முடித்தது.

எரிப்பு முறையில் அதிகம் அழித்தது அமெரிக்கா. யூட்டா மாநிலத்தின் டூயல் (Tooele) ஆலை 1996 ஆகஸ்டில் தொடங்கி 2012 ஜனவரி வரை ஓடியது. அந்த நாட்டின் கையிருப்பில் ஏறக்குறைய 44 சதவீதம் அங்கேதான் இருந்தது. அங்கே எரித்தது ராணுவம், அனுமதி கொடுத்ததும் நிறுத்தச் சொல்ல அதிகாரம் வைத்திருந்ததும் மாநில அரசு. மத்திய அரசின் தளங்களுக்கும் மாநிலங்கள் அபாயகரமான கழிவுச் சட்டத்தின்படி அபராதம் போடலாம் என்று 1992-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2000 மே மாதம் டூயல் புகைபோக்கி வழியாக மிகச் சிறிய அளவு சாரின் வெளியேறியபோது, உலையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துக் காரணம் தேடினார்கள்.

எரிப்பவர் வேறு, எடை பார்ப்பவர் வேறு, நிறுத்தச் சொல்பவர் வேறு. இந்த மூவரும் தனித்தனியாக இருக்கிறார்களா என்பதைத்தான் கீழே ஒவ்வொரு படியிலும் சோதிக்கப் போகிறோம்.

படி 1: இது எரிக்க வேண்டிய கழிவுதானா?

பெரும்பாலான புகார்கள் புகையைப் பற்றித்தான் வருகின்றன. அதற்கு முந்தைய கேள்வியை விட்டுவிடுகிறோம். எரித்தால் அழியாத பொருள்கள் உண்டு. முதலாவது பாதரசம்.

கொடைக்கானல்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, 1980-களில் பாம்பார் சோலையின் ஓரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி முஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கிடந்ததைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதை எரிக்கவில்லை, வடித்துப் பாதரசத்தைப் பிரித்தெடுத்தார்கள். மண்ணில் கலந்ததை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்கும் வாதமும் அதற்கப்புறம் பல ஆண்டுகள் ஓடின. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விடலாம் என்ற வரம்பு, கீழே ஓடும் நீருக்கும் சோலைக்கும் போதாது என்று உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள்.

பாதரசம் ஏறக்குறைய 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். மருத்துவக் கழிவு உலையின் முதல் அறையே 800 டிகிரி. ஆகவே ஓர் உடைந்த தெர்மாமீட்டர் மஞ்சள் பைக்குள் போனால், அதிலுள்ள பாதரசம் மொத்தமும் புகைபோக்கியை நோக்கித்தான் போகும். டூயலிலும் இதே சிக்கல் வந்தது. சில மஸ்டர்ட் உருளைகளில் பாதரசம் அதிகமாக இருப்பது தெரிந்ததும், கந்தகம் ஏற்றிய கரி வடிகட்டிகளைப் புதிதாகப் பொருத்தின பிறகே அவற்றை எரித்தார்கள். நம் பக்கத்து உலைகளில் அப்படிப்பட்ட வடிகட்டி இருக்கும் என்று நம்பி எதையும் அனுப்பக் கூடாது. பாதரசக் கழிவுக்குத் தனிச் சேகரிப்பு, தனி அங்கீகாரம். அவ்வளவுதான்.

இரண்டாவது பி.வி.சி. குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும், வெப்பம் சரியாக இல்லாதபோது டையாக்சின் என்ற கொடிய நச்சும் உருவாகும். மருத்துவக் கழிவு விதிகள் 2016 இதைத் தடுக்கத்தான் நிறங்களைப் பிரித்தன. மஞ்சள் பை எரிக்க, சிவப்புப் பை ஆட்டோகிளேவில் வேகவைத்து மறுசுழற்சிக்கு, ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலக் குறியிட்ட பெட்டிக்கு. குளுக்கோஸ் டியூபும் கையுறையும் சிவப்பில் போக வேண்டியவை.

கூடலூர் பக்கம் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். “கலர் எல்லாம் எனக்குத் தெரியும்ணா. வேன் வராத நாள்ல எல்லாக் கலரும் ஒரே குழிக்குத்தான் போகுது” என்றார். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் இரண்டு நாள், மூன்று நாள் வேன் வராது. விதிப்படி ரத்தம் பட்ட கழிவையும் உடற்கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்க நேர்ந்தால் காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆழப் புதைப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். கொல்லையில் குழி தோண்டி எரிப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. போர் விஷத்துக்கே மறுக்கப்பட்ட வழி அது. அதனால் உங்கள் ஊர் மருத்துவமனையிடம் முதலில் கேட்க வேண்டியது: ரோடு அடைபட்ட நாளில் உங்கள் ஏற்பாடு என்ன? குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா? எழுத்தில் இருக்கிறதா?

படி 2: யார் பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அபாயகரமான கழிவும் மருத்துவக் கழிவும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில். உங்கள் முதல் முகவரி மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர். கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். வாரியம் கொடுக்கும் தாள்கள் இரண்டு வகை: நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் இசைவாணை, கழிவு விதிகளின் கீழ் அங்கீகாரம். இரண்டும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு.

நீலகிரியில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. வெலிங்டனில் ராணுவம் பெரிய அளவில் இருக்கிறது. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ராணுவ மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தருவது மாநில வாரியம் இல்லை. ராணுவ மருத்துவ சேவைகளின் தலைமை இயக்குநரகம்தான் அந்த அதிகாரி. அதன்மேல் ஆலோசனைக் குழு ஒன்றையும் விதிகள் வைத்திருக்கின்றன. இங்கே தவறு நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யூட்டாவில் ராணுவத்தின் உலையை மாநில அரசு நிறுத்த முடிந்தது, இங்கே ராணுவத்தை ராணுவமே மேற்பார்வை பார்க்கிறது. இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையில் உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், ராணுவ மருத்துவமனையைப் பற்றிய தகவல் அறியும் மனுவை உதகையிலுள்ள வாரிய அலுவலகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.

படி 3: எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். புகையை அளக்கக் கருவி வேண்டும், ஆய்வகம் வேண்டும். எடையைச் சரிபார்க்கக் கூட்டல் கழித்தல் போதும்.

அபாயகரமான கழிவு விதிகள் 2016-ன்படி, ஒரு லோடு கிளம்பும்போது படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் சரக்குச் சீட்டு) ஏழு பிரதிகளில் போடப்படும். ஏழும் ஏழு நிறம். வெள்ளை, அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புபவரே வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் லாரியோடு போகும். இளஞ்சிவப்பைக் கழிவைப் பெறுபவர் வைத்துக்கொள்வார். ஆரஞ்சு லாரிக்காரருக்கு. பச்சையைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நீலம் அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டும். சாம்பல் நிறப் பிரதி, கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் அந்த மாநில வாரியத்துக்கு.

இதில் வெள்ளையையும் பச்சையையும் கவனியுங்கள். ஒரே லோடைப் பற்றி இரண்டு வெவ்வேறு ஆட்கள் ஒரே வாரியத்துக்கு எழுதித் தரும் தாள்கள் அவை. வெள்ளையில் 1,200 கிலோ என்று இருந்து பச்சையில் 950 என்று இருந்தால், 250 கிலோ வழியில் எங்கேயோ இறங்கியிருக்கிறது. வெள்ளை இருந்து பச்சையே இல்லை என்றால் லோடு போய்ச் சேரவே இல்லை, அல்லது சேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அரசின் கண்காணிப்பு. அந்த ஒப்பீட்டை வாரியம் செய்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி.

உங்களுக்குத் தெரிந்த தேயிலைத் தொழிற்சாலையோ ஒர்க்ஷாப்போ இருந்தால், “நீலப் பிரதி திரும்பி வருதுங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். நிறைய இடத்தில் கணக்குப்பிள்ளை ஃபைலைப் புரட்டுவார், மஞ்சள் மட்டும் வரிசையாக இருக்கும். நீலம் வராமல் இருந்தும் அடுத்த லோடை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கழிவை உண்டாக்கியவரின் பொறுப்பு லாரி கேட்டைத் தாண்டியதோடு முடிவதில்லை என்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

மருத்துவக் கழிவுக்கு இந்த ஏழு நிறத் தாள் கிடையாது, பார்கோடுதான். ஆனால் கணக்கு ஒன்றே. மருத்துவமனை ஆண்டு அறிக்கையாகப் படிவம் IV தர வேண்டும், கழிவைக் கையாளும் பொது நிலையமும் தர வேண்டும், இரண்டுக்கும் கடைசி நாள் ஜூன் 30. ஒரு மாவட்டத்து மருத்துவமனைகள் எல்லாம் கொடுத்ததாகச் சொல்லும் மொத்தமும், அந்த மாவட்டத்திலிருந்து வாங்கியதாக நிலையம் சொல்லும் மொத்தமும் பொருந்த வேண்டும்.

கூடலூர், நாடுகாணி, பந்தலூர்க்காரர்கள் மாநில எல்லையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேரளத்து மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலியின் கிராமங்களில் கொட்டப்பட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் கேரள அரசே லாரி அனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்டது. அங்கே ஊர்க்காரர்களுக்கு உதவியது கழிவுக்குள் இருந்த மருத்துவமனைத் தாள்கள். இப்படி எங்காவது கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், கிளறாதீர்கள். லேபிளும் பார்கோடும் தெரியும்படி, பின்னால் இடம் தெரியும்படி படம் எடுங்கள். அதுவே போதும்.

படி 4: உலையின் லாக் புக்கைப் படிப்பது

எந்த உலைக்கு எந்த அளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவக் கழிவு உலையில் முதல் அறை 800 டிகிரி, இரண்டாம் அறை 1,050 டிகிரி, இரண்டுக்கும் 50 டிகிரி கூடுதல் குறைவு ஏற்கப்படும். புகை இரண்டாம் அறையில் குறைந்தது 2 விநாடி தங்க வேண்டும். புகைபோக்கி 30 மீட்டராவது இருக்க வேண்டும். புகையில் உச்சவரம்பு: டையாக்சின் ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம், பாதரசம் 0.05 மில்லிகிராம், தூசு 50 மில்லிகிராம். பொது அபாயகரமான கழிவு உலைக்கு இரண்டாம் அறை 1,100 டிகிரி. புகை வெளியேற்றத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், டையாக்சினை ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன.

அதிகாரிகள் உங்களிடம் “எரிப்புத் திறன் 99 சதவீதத்துக்கு மேல இருக்குங்க” என்று சொல்வார்கள். அது கரியமில வாயுவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதம். எரிபொருள் நன்றாக எரிகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. விஷப் பொருள் அழிந்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது: உள்ளே போன விஷத்தில் எத்தனை பங்கு புகைபோக்கியில் வெளியே வராமல் அழிகிறது. நரம்பு விஷத்துக்கு அமெரிக்காவில் வைத்த அளவு 99.9999 சதவீதம். ஒரு டன் எரித்தால் ஒரு கிராமுக்கு மேல் தப்பக் கூடாது. இந்தியாவில் பி.சி.பி. எண்ணெயை (பழைய மின்மாற்றிகளில் இருந்த நச்சு எண்ணெய்) எரிக்கவும் இதே அளவுதான். 99-ஐயும் 99.9999-ஐயும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த அளவை உலை எட்டுகிறது என்று எப்படி நிரூபிப்பது? வெள்ளோட்டம் விடுவதுதான் வழி. அதிகாரிகள் முன்னிலையில் ஓட்டிப் பார்த்து, எந்த வெப்பத்தில், மணிக்கு எத்தனை கிலோ போட்டால் அளவு கிடைத்ததோ, அதையே அனுமதியின் எல்லையாக எழுதுவார்கள். வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால் கழிவு உள்ளே போவது தானாக நிற்க வேண்டும்.

நம் நாட்டில் அண்மையில் இதைப் பார்த்தோம். போபால் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவை, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 2025 ஜனவரி தொடக்கத்தில் 12 கன்டெய்னர்களில் பீதம்பூரிலுள்ள எரிப்பு உலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஊரே திரண்டு எதிர்த்தது. அப்புறம் நீதிமன்ற மேற்பார்வையில் பத்துப் பத்து டன்னாக மூன்று வெள்ளோட்டம், முதலில் மணிக்கு 135 கிலோ, அடுத்து 180, பிறகு 270. முடிவுகள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பிறகுதான் மீதியை எரிக்க அனுமதி கிடைத்தது. ஜூன் இறுதியில் முடித்தார்கள். 1984-ல் விஷவாயு கசிந்து பேரழிவு நடந்த ஆலையின் கழிவு அது. அந்த மக்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் மணிக்கு எத்தனை கிலோ என்ற எண்ணை ஊர்க்காரர்கள் வரை தெரியும்படி வைத்தது நல்ல முன்மாதிரி. உங்கள் கழிவு போகும் உலைக்கு அந்த எண் என்ன என்று கேளுங்கள்.

லாக் புக் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கரண்ட் போன நேரங்களை. பல உலைகளில் அவசரப் புகைவாசல் ஒன்று இருக்கும். மின்சாரம் நின்று, புகையை இழுக்கும் ஃபேன் நின்றால், உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க அது திறந்துகொள்ளும். அப்போது புகை எந்தச் சுத்திகரிப்பையும் தொடாமல் நேராக வெளியே போகும். பாதுகாப்புக்காக வைத்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது எத்தனை முறை திறந்தது, எத்தனை நிமிடம் திறந்திருந்தது, அப்போது உள்ளே எவ்வளவு கழிவு இருந்தது என்ற பதிவு இருக்க வேண்டும். மின்வாரியத்தின் தடை நேரப் பட்டியலை வாங்கி லாக் புக்கோடு ஒப்பிடுங்கள். ஊரில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாளில் உலை இடைவிடாமல் 1,050 டிகிரியில் ஓடியதாக எழுதியிருந்தால், அன்று ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் கணக்கையும் கேளுங்கள்.

இன்னொரு அடையாளம்: ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு மணி நேரமும் அதே 1,052, 1,052 என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை யாரோ ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். உண்மையான உலையின் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

படி 5: மலைக்கென்று உள்ள கேள்விகள்

விதிகள் 30 மீட்டர் புகைபோக்கி என்று சொல்கின்றன. சமவெளியில் அது பத்து மாடி உயரம். நம் சரிவுகளில் உலை பள்ளத்தில் இருந்தால், அடுத்த மேட்டிலுள்ள தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் வாசலும் புகைபோக்கியின் வாயும் ஒரே மட்டத்தில் இருக்கும். மலையில் எந்த எரிப்பு அமைப்புக்கும் அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், வரைபடத்தில் உயரக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தரையிலிருந்து புகைபோக்கி எவ்வளவு என்பதோடு, சுற்றியுள்ள வீடுகளின் தரைமட்டம் புகைபோக்கியின் வாய்க்கு மேலா கீழா என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, குளிர்காலக் காலைகள். டிசம்பர், ஜனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கைக் காலை ஏழு மணிக்கு மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்புப் புகை மேலே ஏறாது, வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கி, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடுகிறது. வெயில் ஏறும்வரை எந்தப் புகைக்கும் வழியில்லை. இந்த நேரத்தில் எடுத்த காற்று மாதிரியும், மதியம் இரண்டு மணிக்குக் காற்று அடிக்கும்போது எடுத்த மாதிரியும் வேறு வேறு கதை சொல்லும். ஆய்வு அறிக்கையில் தேதியோடு நேரத்தையும் பாருங்கள். மே மாத மதிய மாதிரியை வைத்து மலைக்காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

படி 6: சாம்பலைத் தொடருங்கள்

எரிந்ததும் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் அதிகாரிகளிடம்கூட இருக்கிறது. போபால் கழிவை எரித்தபோது, சுண்ணாம்பும் மற்ற பொருள்களும் சேர்ந்ததால், மிஞ்சிய சாம்பலும் எச்சமும் எரித்த கழிவைவிட அதிக எடையாக வந்தன. உலோகங்கள் எரிவதில்லை, சாம்பலில் தங்கும். ஆகவே உலைச் சாம்பலும் ஒரு கழிவுதான். அதைச் சோதித்து, விஷ உலோகம் வரம்பைத் தாண்டினால் காப்புறையிட்ட நிலநிரப்புக் குழியில் அடக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான இடங்கள் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கின்றன.

ரசாயன ஆயுதத்திலும் இந்த இரண்டாம் கட்டக் கழிவில்தான் பிரச்சனை கிளம்பியது. அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற இடத்தில் வி.எக்ஸ். நரம்பு விஷத்தைக் காரத்தில் கரைத்துச் செயலிழக்க வைத்தார்கள். அதில் மிஞ்சிய கழிவுநீரை 2007-ல் டெக்சாஸின் போர்ட் ஆர்தருக்கு லாரிகளில் அனுப்பி எரித்தார்கள். அதற்கு முன் வேறு ஊர்களுக்கு அனுப்பப் பார்த்து, அங்கங்கே எதிர்ப்பு வந்து கைவிட்டிருந்தார்கள். போர்ட் ஆர்தரிலும் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. ஓர் ஊரின் சுமை இன்னோர் ஊரின் தலையில் இறங்கியது. நம் மலையின் சாம்பலைச் சுமக்கும் கும்மிடிப்பூண்டிக்காரர்களும் விருதுநகர்க்காரர்களும் நம்மிடம் கணக்குக் கேட்க உரிமையுள்ளவர்கள்.

படி 7: தகவல் அறியும் மனு

மனுவில் “ஏன்” என்று கேட்காதீர்கள். கருத்துக் கேட்டால் “அது தகவல் அல்ல” என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மாதிரி:

“தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் கோருவது:
(அ) இன்ன நிறுவனத்துக்கு வழங்கிய இசைவாணை, அங்கீகாரம் ஆகியவற்றின் நகல், நிபந்தனைகளுடன்.
(ஆ) கடந்த நிதியாண்டில் அந்த நிறுவனம் குறித்துப் பெறப்பட்ட படிவம் 10 வெள்ளை, பச்சைப் பிரதிகளின் நகல்.
(இ) அதே காலத்தின் ஆண்டு அறிக்கை.
(ஈ) கழிவைப் பெற்ற உலையின் புகை ஆய்வு அறிக்கைகள், டையாக்சின் அறிக்கை, மாதிரி எடுத்த தேதி, நேரம்.
(உ) உலை நிறுத்தம், அவசரப் புகைவாசல் திறப்பு ஆகியவற்றின் பதிவுகள்.
(ஊ) வாரிய அலுவலர்களின் கள ஆய்வு அறிக்கைகள், அதன்மேல் அனுப்பிய நோட்டீஸ்கள்.
(எ) பிரிவு 2(ஒ)-ன்படி மேற்கண்ட கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.”

ஆங்கிலச் சட்டத்தில் இந்தக் கடைசிப் பிரிவு 2(ஜே). கோப்புகளைப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் அது உரிமை தருகிறது. நகலுக்குக் காத்திருப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. ஃபைலில் என்ன இல்லை என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதலாம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

படி 8: எண்கள் பொருந்தாவிட்டால்

முதலில் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம். வெள்ளைப் பிரதி எண், பச்சைப் பிரதி எண், எடை வித்தியாசம், அவ்வளவு போதும். கோபத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் அதற்கு இன்னும் கனம் உண்டு. கழிவு நிலையத்தின் அறிக்கையைச் சபையில் வைத்து வாசிக்கச் சொல்லலாம்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போவதாக இருந்தால் காலக்கெடுவை மறக்காதீர்கள். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடு, சீரமைப்புக் கோரிக்கைக்கு ஐந்து ஆண்டு. தகவல் மனுவின் பதிலுக்காகவே பாதிக் காலம் போய்விடும் என்பதால், பிரச்சனை தெரிந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஊர் மக்கள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் புளூ கிராஸ் (Blue Grass) ராணுவக் கிடங்கின் பக்கத்து ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் உலை வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். எரிக்காமல் ரசாயனத்தால் செயலிழக்க வைக்கும் முறைக்கு அரசு இறங்கி வந்தது. 2023 ஜூலை 7 அன்று அந்த நாட்டின் கடைசி ரசாயன ஆயுதம் அழிக்கப்பட்டது அதே கிடங்கில், அந்த முறையில்தான்.

படி 9: வேலை செய்பவர்களின் பதிவேடு

இதைக் கடைசியில் வைத்ததால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். கழிவை முதலில் சுவாசிப்பவர்கள் அதைத் தூக்குபவர்கள். கொடைக்கானல் ஆலையின் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில், ஆலை மூடி 15 ஆண்டு கழித்து. உடம்பில் பாதரசம் எவ்வளவு ஏறியது என்பதற்கு வேலை நடந்த காலத்துப் பதிவுகள்தான் ஆதாரமாக இருக்க முடியும். பிறகு தேடினால் கிடைக்காது.

மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தகவல் மனுவில் இந்தப் பதிவேட்டையும் சேருங்கள். பெயர்களை மறைத்துத் தரட்டும், எண்ணிக்கை போதும். சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், பரிசோதனைப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள். அப்புறம் கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களையும், வேன் டிரைவரையும், பை ஏற்றும் உதவியாளரையும் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் இரண்டு பட்டியலிலும் விடுபட்டிருப்பார்கள்.